பசை விட்ட உறை

வஞ்சிரத்தின் தோலை உரித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, கத்தியில் எங்கேயோ ஒரு பிசிறு இருக்கிறது. தோலுக்கும் சதைக்கும் நடுவில் கத்தி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அன்றைக்குப் பாதி தூரம் போனதும் ஓரிடத்தில் லேசாகப் பிடித்து இழுத்தது. துண்டைத் திருப்பிப் பார்த்தேன். சதைமேல் நகத்தால் கீறியது போல ஒரு கோடு. வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. கட்டைவிரல் நகத்தைக் கூர்மேல் மெல்ல வைத்து நகர்த்தினேன். நுனியிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நகம் தட்டியது.

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடலோரமாக இருக்கிற ஒரு ஓட்டலில் நான் மீனும் கறியும் வெட்டுகிறேன். என்னைச் சமையல்காரன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் அடுப்புப் பக்கமே போவதில்லை. காலையில் புதுப்பட்டினத்திலிருந்து மீன் வந்து இறங்கும். செதில் எடுத்து, முள் நீக்கி, துண்டு போட்டுத் தட்டில் அடுக்கிக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. ஓட்டலுக்கென்று கத்திகள் உண்டு. அதை வைத்து ஒருவன் எலும்பைக் கொத்துவான், இன்னொருவன் டின் மூடியை நெம்புவான். அதனால்தான் எனக்கென்று ஒன்று வாங்கினேன். நீளமான, மெல்லிய, அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற கத்தி. ஒருநாளும் அதை ஓட்டலில் விட்டுவிட்டு வந்ததில்லை. பையில் வைத்து, திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் செங்கல்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கல்லில் தீட்டி, துடைத்து, உறையில் போட்டு, மறுநாள் எடுத்துப் போவேன்.

பிசிறு எப்படி வந்தது என்று யோசித்தேன். முள்ளில்கூட அழுத்தாமல் வெட்டுகிறவன் நான். வீட்டுக்கு வந்து, செல்போன் டார்ச்சை உறையின் வாயில் அடித்து உள்ளே பார்த்தேன். இரண்டு தோல் துண்டுகளை ஒன்றாக வைத்து, கூர்ப்பக்கத்தில் தடிமனான நூலால் தைத்து, இடையிடையே செம்பு ரிவிட் அடித்த உறை அது. உள்ளே நூல் அங்கங்கே அறுந்து இழை இழையாக நின்றது. இரண்டு ரிவிட்களின் மேல் பளபளவென்று கோடு விழுந்திருந்தது. ஒவ்வொரு முறை கத்தியைச் செருகும்போதும் கூர் அந்தச் செம்பில்தான் உரசியிருக்கிறது. தினமும் நான் தீட்டத் தீட்ட, உறை அதைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

அடுத்த லீவு நாளில் கூடத்துத் தரையில் உட்கார்ந்தேன். கட்டிங் பிளேயரால் ரிவிட்களைப் பிடுங்கினேன். நூலைப் பிளேடால் வெட்டினேன். உறை புத்தகம் மாதிரி விரிந்தது. செருப்புத் தைக்கிறவரிடம் வாங்கிவந்த மஞ்சள் பசையை ஓரங்களில் தடவி, காயவிட்டு, இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். உள்ளே உலோகமும் இல்லை, நூலும் இல்லை. கத்தியைச் செருகி எடுத்தால் சத்தமே வரவில்லை.

அப்போதுதான் என் மனைவி ஷிப்ட் முடிந்து வந்தாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. கார்களுக்கு சீட் கவர் தைக்கிறார்கள். கைப்பையை ஆணியில்கூட மாட்டாமல் வந்து குனிந்து பார்த்தாள்.

"இன்னாயா பண்ணிகினு கீற?"

"உறைய சரி பண்றேன். ரிவிட்டும் நூலும் சேர்ந்து கூர கெடுத்துட்ச்சு."

உறையை வாங்கி, ஒரு மூலையை விரலால் வளைத்துப் பார்த்தாள். "வெறும் பசையா? தாங்காது. எங்க கம்பெனில பசை போட்டாலும் மேல தையல் போடாம வுட மாட்டாங்க. நடுவுல ஒரு தோல் பட்டைய வெச்சி, அதுக்கு வெளிய தை. கத்தி பட்டைலதான் ஒக்காரும். நூல்ல படாது."

"தையலே வேணான்னுதான பிரிச்சிகினு கீறேன்."

"படாதுன்னு சொல்றேன்."

"நீ சீட்டு கவர் தைக்கிறவ. இது கத்தி. உனுக்குத் தெரியாது."

அவள் உறையைத் தரையில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். நான் அதைக் கேஸ் சிலிண்டருக்கு அடியில் அழுத்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் எடுத்தேன்.

நான் நினைத்தது போலவே ஆனது. பிசிறைத் தீட்டி எடுத்த பிறகு கூர் கெடவேயில்லை. வஞ்சிரத்தின் தோல் காகிதம் மாதிரி வந்தது. ஓட்டலில் எல்லோருக்கும் உறையைக் காட்டினேன். எனக்கும் ஒன்று இப்படிச் செய்து கொடு என்று ஒருவர் கேட்டார். சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த உறை நாள் முழுக்க ஈரமான மேடையில் கிடக்கும் என்பதையோ, பஸ்ஸில் பையை நான் இன்ஜின் சூடு ஏறுகிற இடத்தில் காலடியில் வைப்பேன் என்பதையோ யோசிக்கவில்லை. கூர் எப்படியிருக்கிறது என்று தினமும் பார்த்தேன். உறையின் ஓரத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

அது ஒரு சாயங்காலம். காலை ஷிப்ட் முடிந்து ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அவளும் அப்போதுதான் வந்திருந்தாள். பையைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, மீன் வாடை போகக் குளிக்கப் போனேன். என் டிபன் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்துக் கழுவுவது அவள் வழக்கம். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, சிமெண்ட் தரையில் இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. கீழே விழுந்தது எது என்று உடனே தெரிந்துவிட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தேன்.

கத்தி தரையில் கிடந்தது. நுனி வளைந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

பிறகுதான் அதன் பக்கத்தில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு தெரிந்தது. நிமிர்ந்தேன். அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் சாய்ந்து நின்றாள். உள்ளங்கை ஓரமாக, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்குகிற இடத்தில் காயம் வாய் பிளந்திருந்தது. மற்ற விரல்களெல்லாம் மடங்கி இருந்தன. அந்த இரண்டு மட்டும் நேராக நின்றன.

"மடங்க மாட்டேங்குதுயா," என்றாள். அழவில்லை. கத்தவும் இல்லை. இயந்திரத்தில் ஏதோ பழுது என்று சொல்கிற மாதிரி, அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அதற்கப்புறம் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அவள் கையைத் துணியால் சுற்றினேன். அடுத்த தெருவில் இருக்கிற அவள் தம்பிக்குப் போன் போட்டேன். அவனுடைய ஆட்டோ வாசலில் வந்து நின்றது. நான் ஈரத் தலையோடு, மேல்பட்டன் போடாத சட்டையோடு ஏறினேன். துணி கனத்துக்கொண்டே வந்தது. ஏரிக்கரை ரோட்டில் அவன் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "கத்தி," என்று மட்டும் சொன்னேன். பணியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். என் சட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க," என்றார். நான் திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்து, என்னைத் தாண்டி உள்ளே போனார். கத்திக் காயம் என்றால் கேட்டு எழுதிக்கொள்வது வழக்கம் என்று நர்ஸ் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். அது என்னைப் பற்றியது என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"யார்மா வெட்டினது?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

திரைக்கு வெளியே எனக்கு நன்றாகக் கேட்டது. நான் பதிலுக்குக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம் வந்தது. யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் மயக்கமாகிவிட்டாளோ என்று நினைத்தேன். அப்புறம் போலீஸ்காரர் குரலைத் தணித்து, "பயப்படாம சொல்லுமா. அவர் வெளியதான் நிக்கிறாரு," என்றார்.

அப்போதுதான் புரிந்தது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் சட்டையில் இருந்த ரத்தத்தை நானும் பார்த்தேன். உள்ளே இன்னும் பதில் இல்லை. ஏன் சொல்லமாட்டேன் என்கிறாள். ஒரு வார்த்தைதானே.

"யாரும் வெட்டல சார்," என்றாள் கடைசியில். "பையில கத்தி இருந்துச்சி. தெரியாம கைய வுட்டுட்டேன்."

"பையில கத்தி எதுக்கு?"

"அவுரு வேலை அது. ஓட்டல்ல மீன் வெட்றாரு."

போலீஸ்காரர் வெளியே வந்து என் ஓட்டல் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பேரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார். மரியாதையாகத்தான் பேசினார். "கத்திய இப்டியா சார் எடுத்துனு போவீங்க?" என்று மட்டும் கேட்டார். உறை இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, நானும் அவள் தம்பியும் வாசலில் டீக்கடைப் பக்கம் நின்றோம். அவன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத," என்றான். "சண்ட கிண்ட எதுனா ஆச்சா?"

என் வீட்டில் சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கிடையாது. அவன் கல்யாணப் பத்திரிகையை நானும் அவனும்தான் திருப்போரூர் வரை பைக்கில் போய்க் கொடுத்தோம். அவன் இதைக் கேட்கிறான்.

"இல்லடா. உங்கக்கா உன்கிட்ட எதுனா சொல்லுச்சா?"

"ஒண்ணும் சொல்லல. வழியெல்லாம் ஒண்ணுமே சொல்லல. அதான் கேக்கறேன்."

மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் ஒரு காகிதத்தில் கையைப் படம் போட்டு எனக்கு விளக்கினார். விரலை மடக்குவது உள்ளங்கைப் பக்கமாக ஓடுகிற கயிறு மாதிரியான ஒன்று. அதைத்தான் நாமெல்லாம் நரம்பு என்று சொல்கிறோம், அது நரம்பில்லை, தசைநாண் என்றார். இரண்டு விரலுக்கும் அது அறுந்திருக்கிறது. சேர்த்துத் தைத்துவிட்டோம். ஆள்காட்டி விரலில் நிஜமான நரம்பும் ஒன்று அறுந்திருக்கிறது. அதையும் சேர்த்திருக்கிறோம், ஆனால் உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. ஆறு வாரம் கட்டோடு இருக்க வேண்டும், கட்டோடேயே இன்னொரு கையால் விரல்களை மடக்கிப் பயிற்சி செய்ய வேண்டும். "என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்டார். தையல் என்றேன். டாக்டர் பேனாவை மூடினார்.

அன்று மத்தியானம் அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். தரையில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. பையைக் கவிழ்த்தேன். உறை வெளியே விழுந்தது. நுனியிலிருந்து பாதி நீளத்துக்கு வாய் திறந்திருந்தது. பசை, ஆறின பால்மேல் ஏடு மாதிரி ஒரு பக்கத்துத் தோலிலிருந்து உரிந்து தொங்கியது. டிபன் பாக்ஸை எடுக்கக் கையை விட்டவள், பாக்ஸோடு சேர்த்து, உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கத்தியையும் பிடித்து இழுத்திருக்கிறாள்.

கத்தியைத் தேடினேன். தரையில் இல்லை. பிரிட்ஜ் மேல் ஒரு துணியை நாலாக மடித்து, அதன்மேல் இருந்தது. ரத்தம் துடைக்கப்பட்டுச் சுத்தமாக இருந்தது. கூர் எங்கேயும் படாமல், முதுகுப் பக்கம் துணியில் பதிகிற மாதிரி சாய்த்து வைத்திருந்தது. அப்படி வைக்கிறவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். எப்போது எடுத்தேன், எப்போது துடைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவள் கையைச் சுற்றியதற்கு முன்பா, பின்பா? அந்தச் சமையலறையில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மாற்றுத் துணியை எடுக்காமலேயே பஸ் ஸ்டாண்ட் வரை நடந்துபோய், மறுபடி திரும்பி வந்தேன்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு எல்லா வேலையும் நான் செய்தேன். சோறு வடித்தேன், துணி துவைத்தேன், அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். அவள் கோபமாக இல்லை. சாதாரணமாகத்தான் பேசினாள். குழம்பில் உப்பு போதவில்லை என்றாள். பின்னல் தளர்ந்துவிட்டது என்றாள். ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் வந்த அமைதி என் காதைவிட்டுப் போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் அதுதான் கேட்டது.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், அவள் கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு, இடது கையால் வலது விரல்களை மெல்ல மடக்கி விட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்லியிருந்த பயிற்சி. நான் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு போலீஸ்காரரு கேட்டப்ப, ஏன் ஒடனே சொல்லல?"

விரலை மடக்குவதை அவள் நிறுத்தவில்லை. "இன்னா சொல்றதுன்னு யோசிச்சேன்."

"யோசிக்க இன்னா கீது? நான் வெட்டலயே."

"வெட்டல." இன்னொரு தடவை மடக்கினாள். "தைன்னு சொன்னேன். உனுக்குத் தெரியாதுன்ன. கை அறுந்து நிக்கிறேன். நீ குனிஞ்சி கத்திய எடுத்த, தொடச்ச, துணி மடிச்சி பிரிட்ஜ் மேல வெச்ச. அதுக்கப்புறம்தான் வேற துணி எடுத்துகினு என்கிட்ட வந்த. யாரும் வெட்டலன்னு சொன்னா அது நெசமான்னு யோசிச்சேன். அவ்ளோதான்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அதை நடந்தது நடந்தபடி, வரிசையாகச் சொன்னாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். செருப்பைப் போட்டேன். எங்கே போவதென்று தெரியாமல் கழற்றினேன். திரும்பி வந்து, "அத கடல்ல தூக்கிப் போட்டுர்றேன்," என்றேன்.

"போட்டுட்டு? நாளைக்கு வேற ஒண்ணு வாங்குவ. அதயும் பையிலதான் எடுத்துகினு வருவ. மொதல்ல அந்த உறைய தை."

அன்றைக்கே உட்கார்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். என்னுடைய பழைய தோல் பெல்ட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பட்டையை உறையின் கூர்ப்பக்கத்துக்கு நடுவில் வைத்தேன். மூன்று தோலையும் ஒன்றாகச் சேர்த்து, ஆணியால் இடைவெளி பார்த்துத் துளை போட்டேன். மெழுகு தடவிய நூலில் இரண்டு ஊசி கோத்து, இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று ஒரே துளையில் விட்டு இழுக்கச் சொன்னாள். ஒரு விரல் நீளம் தைத்திருப்பேன். இடது கையால் வாங்கிப் பார்த்தாள்.

"இடைவெளி ஒண்ணுமாதிரி இல்ல. பிரி."

பிரித்தேன். மறுபடி தைத்தேன்.

"நூல் தொளதொளன்னு கீது. பிரி."

மூன்று தடவை பிரித்தேன். நுனி வருகிற இடத்தில் பட்டையை இரண்டு மடிப்பாக வைக்கச் சொன்னாள். மேலே கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்க பட்டன் வைத்த ஒரு தோல்வாரும் தைத்தோம். முடிந்ததும் கத்தியைச் செருகினேன். கூர் பெல்ட் தோலில் போய் மெத்தென்று உட்கார்ந்தது. தையல் அதற்கு வெளியே, எட்டாத தூரத்தில் இருந்தது. அவள் முதல்நாளே சொன்னது இதைத்தான்.

"குடு," என்றாள். வாங்கித் தலைகீழாகப் பிடித்து உதறினாள். அப்புறம், நான் தடுப்பதற்குள், உறையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, தையல் ஓரத்தில் இடது உள்ளங்கையை வைத்து அடியிலிருந்து நுனிவரை அழுத்தி இழுத்தாள். நல்லாயிருந்த கை அது ஒன்றுதான். கையை விரித்து எனக்குக் காட்டினாள். ஒன்றுமில்லை. உறையை என் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் கேட்டாள்.

மாதங்கள் ஆயின. நடுவிரல் நன்றாக மடங்குகிறது. ஆள்காட்டி விரல் நுனிக் கணுவில் மட்டும் மடங்காது. கம்பெனியில் அவளை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். மிஷினில் உட்கார வைக்கவில்லை, தைத்து வருகிறதைச் சரிபார்க்கிற மேசையில் நிற்க வைத்தார்கள். முதல் ஒரு வாரம் வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசவேயில்லை. அப்புறம் யார் தையல் எப்படி என்று பேச ஆரம்பித்தாள். அவள் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பு போலவே சாப்பிட வருகிறான். அன்று டீக்கடையில் கேட்டதைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

போன மாதம் ஒரு காலையில் அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்தேன். இடது கையால் எண்ணெய்க் கிண்ணத்தை எட்டியவளின் வலது கை அடுப்பின் விளிம்பில் ஊன்றியிருந்தது. மடங்காத ஆள்காட்டி விரல் நுனி தோசைக்கல்லில் படிந்திருந்தது. அவள் பாட்டுக்கு என்னிடம் பஸ் பாஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கை," என்றேன். "கைய எடு."

அவள் பார்த்தாள், எடுத்தாள். விரல் நுனி வெள்ளையாக வெந்திருந்தது. நான் இழுத்துக்கொண்டுபோய்க் குழாயில் காட்டினேன். தண்ணீர் விழுகிற விரலை அவள் யாருடையதோ போலப் பார்த்தாள்.

"சூடே தெரியலயா," என்றாள். என்னிடம் இல்லை, அந்த விரலிடம் கேட்கிற மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை விடுவித்துக்கொண்டு, தீய ஆரம்பித்த தோசையை இடது கையால் திருப்பிப் போட்டாள். "இது எனுக்கு. உனுக்கு வேற ஊத்தறேன், இரு," என்றாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. அவள் ஊற்றினாள். நான் சாப்பிட்டேன்.